நான்கு குழாய்க்கு ஐந்து வார்ப்பு

வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடியும் விரிசல் விட்டிருந்தது. போர்மேன் டார்ச் அடித்துக் காட்டினார். தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு, அதன் ஓரத்தில் ரேடியேட்டர் தண்ணீர் காய்ந்த பச்சைத் தடம். எங்கள் பக்கத்தில் கார் மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் சொல்வோம். மலேசியாவில், ஜொகூரின் உலு திராமில் இருக்கும் இவர் பட்டறைக்குத்தான் பதினான்கு வருடமாக என் காரைக் கொண்டுபோகிறேன்.

"அக்கா, இனிமே இதுல வெல்டிங் நிக்காது. உள்ள தண்ணி ஓடுற வழியே அரிச்சுப் போச்சு. என்ஜின் தண்ணியக் குடிக்குது. அதான் வெள்ளப் பொக."

விரிசல் விட்டது இன்டேக் மேனிஃபோல்ட். கையை விரித்துக் கவிழ்த்து வைத்தது போல நாலு குழாய் உள்ள ஓர் அலுமினிய உறுப்பு. காற்றும் பெட்ரோலும் கலந்து அந்த நாலு குழாய் வழியாகத்தான் என்ஜினுக்குள் போகும்.

"புதுசு கிடைக்காதா?"

"இந்த என்ஜினுக்கா? ஜப்பான்காரனே மறந்துட்டான் லா."

"ஹாஃப்கட் கடையில?" ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் வரும் பழைய கார்களை எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். என்ஜினுக்குச் சாமான் வேண்டுமென்றால் முதலில் அங்கேதான் தேடுவோம்.

"மூணு கடைக்குப் போன் போட்டுட்டேன். இல்ல. பேசாம வேற என்ஜின் தூக்கிப் போடுங்க. இல்லன்னா ஸ்க்ராப்புக்குத் தள்ளுங்க."

"கழட்டிக் கொடுங்க."

"எதை?"

"அந்த மேனிஃபோல்டை. நான் அளவெடுக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் கழற்றினார். எண்ணெய்த் துணியில் சுற்றி அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசல் போர்ச்சில் நிறுத்தினார்கள்.

என் வேலையைச் சொன்னால்தான் எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று புரியும். பாசிர் கூடாங்கில் அலுமினிய உறுப்புகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் நான் செக்கர். உலைப்பக்கம் என் வேலையில்லை. ஆறிக் குளிர்ந்த உறுப்புகள் மேசைக்கு வரும். அளப்பேன், தட்டுவேன், விளக்கில் பிடித்துப் பார்ப்பேன். குமிழி இருந்தால், சுவர் மெலிந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். அடுத்தவர் ஊற்றியதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் கையால் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. ஆனால் ஒரு வார்ப்பு எத்தனை விதமாகக் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உலையில் நிற்கிறவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். அந்த மிதப்பும் எனக்கு இருந்தது.

அந்தக் கார் நான் கல்யாணத்துக்கு முன்னால் என் சம்பளத்தில் வாங்கியது. அதுவரை தொழிற்சாலை பஸ்தான். பஸ் தவறினால் அன்றைய ஷிப்ட் போச்சு. மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். கார் வந்த பிறகு ஒருநாளும் ஓடியதில்லை. அதை ஸ்க்ராப்புக்குத் தள்ளச் சொன்னால் சரி என்று தலையாட்ட என்னால் முடியவில்லை.

பழைய மேனிஃபோல்டைச் சமையல் மேசையில் வைத்து நான்கு நாள் அளந்தேன். அளக்க அளக்க ஒன்று புரிந்தது. அதற்குள் சுடுதண்ணீர் ஓடும் வழி குளிர்நாட்டுக்காக வைத்தது. குளிர்காலக் காலையில் பெட்ரோல் ஆவியாகாமல் குழாயிலேயே துளித்துளியாகத் தங்கிவிடக் கூடாது என்று. ஜொகூரில் ஏது குளிர்? தேவையே இல்லாத அந்த வழிதான் அரித்து, விரிசல் விட்டு, என்ஜினைக் கெடுத்தது. அப்படியானால் நான் பழையதைப் போலச் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர் வழி இல்லாமல், எனக்கென்று ஒன்று செய்யலாம். முதல் குழாய் பழையதில் முட்டிபோலத் திடுக்கென்று திரும்பும். அதையும் மெதுவாக வளைத்து வரைந்தேன்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறார். ஞாயிறுதான் லீவு. படத்தைக் காட்டினேன்.

"எங்க செய்யக் கொடுக்கப் போற?"

"நானே ஊத்தப் போறேன். பின்னால, துணி காயப்போடுற இடத்துல."

சிரித்தார். நல்ல சிரிப்புதான், கிண்டலில்லை. அடுத்த ஞாயிறு மண்பாண்டச் சூளைகள் உள்ள ஆயர் ஈத்தாமுக்குப் போகலாம் என்றதும் பூந்தொட்டி வாங்கத்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தார். நான் சூளை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி, இடித்துப்போட்ட பழைய சூளையின் தீச்செங்கற்களைச் சாக்கில் கட்டினேன். ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவருக்கு நான் விளையாடவில்லை என்று தெரிந்தது.

இரும்பு டிரம்முக்குள் அந்தச் செங்கல்லை அடுக்கி, இடைவெளியைத் தீமண் வைத்துப் பூசி, கேஸ் தோங்கிலிருந்து குழாய் இழுத்து உலை கட்டினேன். சமையல் கேஸ் சிலிண்டரைத்தான் தோங் என்போம். காற்றுக்கு ஒரு பழைய புளோயர். உருக்க, வளைந்துபோன ஸ்போர்ட் ரிம், அதாவது அலுமினியக் கார்ச் சக்கரம் ஒன்றை அறுத்துத் துண்டு போட்டேன். ரிம் அலுமினியம் வார்ப்புக்கென்றே கலந்தது. குளிர்பான டின் அப்படியில்லை, பாதி சாம்பலாகத்தான் போகும்.

முதல் ஞாயிறு வெறும் சோதனை. உருகுகிறதா என்று பார்த்து, உருகியதை வெல்லக் கட்டி போலச் சின்ன அச்சுகளில் ஊற்றி வைப்பது. கிராஃபைட் சட்டிக்குள் ரிம் துண்டுகள் தளர்ந்து, மடங்கி, பாதரசம் போல மினுங்கியபோது நான் என்னை மறந்துவிட்டேன். கையுறை இருந்தது, முகக் கண்ணாடி இருந்தது. ஆனால் அச்சுக்கு நான் எடுத்தது வெளியே கிடந்த பழைய கேக் தட்டு. துடைத்திருந்தேன். சுட வைக்கவில்லை.

அதன் அடியில் எங்கோ கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது. ஊற்றிய மறுநொடி பட்டென்று ஒரு சத்தம். உருகிய உலோகம் பூப்போலச் சிதறியது. ஒரு துளி கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில், மணிக்கட்டில் விழுந்தது. இன்னொன்று அவர் செருப்பைத் துளைத்துத் தரையில் கிடந்தது. அவர் கால் தப்பியது.

அவர் என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கிளினிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டுத் திரும்பியதும் நேராகப் பின்பக்கம் போனார். தோங்கைக் கழற்றித் தோளில் தூக்கி, பக்கத்து வீட்டு வாசலில் வைத்தார்.

பக்கத்து வீட்டில் என் வயதுள்ள மலாய்க்காரப் பெண். வீட்டிலேயே குவே என்னும் மலாய்ப் பலகாரம் செய்து கடைகளுக்குப் போடுகிறாள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்பதால் அவளைக் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான்.

அவர் அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "காக், இதை உங்க அடுப்படியில வச்சுக்குங்க. என் வீட்டுக்காரி கேட்டாக் கொடுக்காதீங்க."

எனக்கு அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஆனால் தப்பு என்னுடையது. ஈர அச்சில் ஊற்றக்கூடாது என்று எங்கள் தொழிற்சாலைச் சுவரில் எழுதியே போட்டிருக்கிறது. பதினைந்து வருடமாக அதைக் கடந்து போகிறேன்.

நெருப்பு இல்லாமல் செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். பலகையை ஒட்டிச் செதுக்கி, கார் புட்டி பூசித் தேய்த்து மேனிஃபோல்டின் மர மாதிரி ஒன்று செய்தேன். அதை மணலில் அழுத்தி எடுத்தால் வெளி உருவம் வந்துவிடும். உள்ளே குழாய் ஓட்டையாக இருக்க வேண்டுமே, அதற்கு மணலிலேயே விரல் விரலாகக் கட்டி செய்து நடுவில் வைக்க வேண்டும். உலோகம் அதைச் சுற்றி நிறையும். ஆறிய பிறகு மணலைத் தட்டி உதிர்க்கலாம். இந்த மணல் விரல்கள்தான் கஷ்டம். ஊற்றும்போது உடையக்கூடாது, பிறகு உதிர வேண்டும். மணலில் கூலா மெலாகா என்ற தென்னங்கருப்பட்டிப் பாகு கலந்து, அச்சில் அடைத்து, அடுப்பு ஓவனில் சுட்டேன். எல்லாம் வெடித்து வெடித்து வந்தன.

மூன்றாவது முறை சுடும்போது காக் வந்து கதவைத் தட்டினாள்.

"என்ன செய்யுற? வாசனை தெரு முழுக்க அடிக்குது. எனக்குப் போட்டியா?"

ஓவனைத் திறந்து காட்டினேன். வரிசையாக மணல் விரல்கள்.

"அலமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். "ஏன் வெடிச்சிருக்கு?"

"தெரியல."

"சூடு அதிகம். மேல தோல் கட்டிடுது, உள்ள ஆவி போக வழியில்ல. என் குவேயும் இப்படித்தான் வெடிக்கும். சூட்டைக் குறை, ரெண்டு மணி நேரம் விடு."

அவள் சொன்னபடி விட்டேன். அன்று ஐந்தில் நான்கு முழுசாக வந்தது. தோங்கைத் தரச் சொல்லிக் கேட்டேன். "அவர் வந்து கேட்கட்டும்," என்று போய்விட்டாள்.

மூன்று வாரமாக அவரும் நானும் அந்த விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். நான்காவது ஞாயிறு மாதாகோயில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நானே ஆரம்பித்தேன்.

"நான் இதை விடமாட்டேங்க. உங்களுக்குத் தெரியாம செய்யவும் மாட்டேன். அதனால நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

தட்டைத் தள்ளி வைத்தார். பஸ் ஓட்டப் போவதற்கு முன்னால் அவரும் பாசிர் கூடாங்கில் வேலை செய்தவர்தான். அது எனக்குத் தெரியும். அன்று சொன்னது தெரியாது. ஒரு நாள் கொதிக்கும் எண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டதாம். கூட வேலை செய்தவரை இவர்தான் இரண்டு கையாலும் தூக்கி வேனில் ஏற்றினாராம்.

"அவன் கையப் பிடிச்சேன். தோல் என் கையோட வந்துருச்சு," என்றார். "ஆள் பொழச்சுக்கிட்டான். ஆனா நான் அங்க மறுபடி போகல. அன்னைக்கு உன் கையத் தண்ணியில பிடிச்சிருந்தப்போ எனக்கு அதுதான் கண்ணுல நின்னுச்சு."

கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இதை அவர் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவரும் வேண்டாம் என்றிருக்க மாட்டார். ஆனால் அது உண்மையாக இருந்திருக்காது.

"என்ன செஞ்சா உங்களுக்குப் பயமில்லாம இருக்கும்?" என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். "நான் இல்லாம ஊத்தக் கூடாது. பூட்ஸ், தோல் ஏப்ரன், முழு முகக் கண்ணாடி, ரெண்டு பேருக்கும். சிமெண்டுத் தரைமேல காஞ்ச மணல் பரப்பணும். உலோகத்தத் தொடுற எல்லாத்தையும் முதல்ல சூடு பண்ணணும். நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"சரி."

"ஏன்னு கேட்கக் கூடாது."

"சரி."

எழுந்து போய்த் தோங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். காக் மதில்மேல் எட்டிப் பார்த்து, துணி காயப்போடும் நாளாகப் பார்த்துப் புகை போடாதே என்று மட்டும் சொன்னாள்.

முதல் வார்ப்பு நிறையவே இல்லை. மூன்றாவது குழாயில் பாதி வழி வந்து உலோகம் உறைந்துவிட்டது. இரண்டாவதில் மணல் விரல் ஒன்று மிதந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஒருபுறம் சுவர் தடிமன், மறுபுறம் காகிதம். அதைச் சரிசெய்ய மணல் விரல்களின் இரு முனையிலும் பிடிமானம் நீட்டிவிட்டேன். மூன்றாவது உருவமெல்லாம் சரியாக வந்தது, ஆனால் மேல்பக்கம் முழுக்கக் குமிழி. பாகு எரிந்து வந்த வாயு போக வழியில்லாமல் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த முறை ஒவ்வொரு மணல் விரலுக்கும் நடுவில் சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி சொருகி, சுட்டபின் உருவி, ஆவி போக ஓட்டை விட்டேன்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் நடுவில் நான்கைந்து வாரம். அவர் லீவும், என் லீவும், வானமும் ஒத்து வர வேண்டும். அதுவரை தொழிற்சாலை பஸ்தான்.

நான்காவது வார்ப்பை மணலிலிருந்து எடுத்தபோது நாங்கள் இருவருமே கத்திவிட்டோம். நாலு குழாயும் முழுசு. குமிழி இல்லை. விளிம்பு கூர்மையாக இருந்தது. அவர் அதைக் குழந்தையைப் போல இரண்டு கையில் ஏந்தி முன்வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"முடிஞ்சுது," என்றார்.

"இருங்க."

வழிகளையெல்லாம் அடைத்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சுண்ணாம்புப் பொடி பூசி வைத்தேன். எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து பொடி நனையும். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது குழாயின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. பிறகு பக்கத்தில் இன்னொன்று.

"இது ஒரு விஷயமா?" என்றார். "மேல பிசின் பூசினா நிக்காதா? யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

மேசையில் இது வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். யார் ஊற்றினார்கள், எத்தனை நாள் உழைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றியது. அன்று மட்டும் சுத்தியலைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஏழெட்டு அடியில் உடைத்தேன். உடைந்த இடத்தில் ஊசிமுனைத் துளைகள், ரவை தூவியது போல.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். அன்று ஊற்றப் போகும் நேரத்தில் மழை வந்தது. மழை விடட்டும் என்று உருகியதை நாற்பது நிமிடம் உலையிலேயே வைத்திருந்தேன். அலுமினியம் சூடு ஏற ஏற ஈரக்காற்றிலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும். ஆறும்போது அது துளையாக வெளிவரும். மத்தியானத்துக்கு மேல் மழை எங்கள் ஊர் வழக்கம். அதை எதிர்த்து ஜெயிக்க முடியாது. அதனால் நேரத்தை மாற்றினோம். சனிக்கிழமை சாயந்தரப் பூசைக்குப் போய்விட்டு, ஞாயிறு விடிந்ததும் உலை மூட்டினோம். உருகியதும் காத்திருக்கவில்லை. ஒரே மூச்சில் ஊற்றினேன். அவர் காய்ந்த மணல் வாளியோடு இரண்டடி தள்ளி நின்றார்.

ஐந்தாவதில் பொடி ஒரு நாள் முழுக்க வெள்ளையாகவே இருந்தது.

என்ஜினோடு ஒட்டும் முகத்தைச் சமமாகச் சீவ மெஷின் வேண்டும். தெப்ராவில் மில்லிங் மெஷின் வைத்திருக்கும், தவ்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "வீட்டு வார்ப்பு வேண்டாம். உள்ள மணல் இருக்கும். என் கத்தி போயிடும்." நான் வாதாடவில்லை. ஐந்தாவதில் ஊற்றுவாயில் உறைந்திருந்து நான் அறுத்தெடுத்த துண்டைக் கொடுத்து, இதை முதலில் சீவிப் பாருங்கள், கத்தி கெட்டால் புதிது வாங்கித் தருகிறேன் என்றேன். சீவினார். சுருள் சுருளாகப் பளபளவென்று விழுந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "எந்தக் கடை ஊத்தினது?" என்று கேட்டார். "என் வீடு," என்றேன். கண்ணாடியை இறக்கிவிட்டு மேனிஃபோல்டைக் கையில் வாங்கிக்கொண்டார். மாலைக்குள் முடித்துக் கொடுத்தார்.

போர்மேன் எங்கள் வீட்டுக்கே வந்து மாட்டினார். முதல் தடவை என்ஜின் சீறியது, இடையில் வைக்கும் கேஸ்கட் அட்டை ஓர் ஓரத்தில் உட்காரவில்லை. கழற்றி, புதிய கேஸ்கட் வெட்டி, மறுபடி முடுக்கினார். இரண்டாம் தடவை சாவியைத் திருப்பினேன். இரண்டு இருமல் இருமி, பிறகு ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. போர்மேன் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அக்கா, இதே மாதிரி என்ஜின் வச்சிருக்கிற ஆள் எனக்கு இன்னும் ரெண்டு பேரத் தெரியும்."

"அவங்களோடத அவங்களே ஊத்தட்டும். மர மாதிரிய நான் தரேன்."

காக்குக்கும் ஓர் ஆசை இருந்தது. பாவுலு என்ற சின்ன கேக் சுடும் அச்சு ஒன்று ஊற்றித் தரச் சொன்னாள். பழைய ரிம்மில் என்னென்ன கலந்திருக்கிறதோ, சாப்பாட்டுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவள் கதவுக்கு ஒரு கைப்பிடி ஊற்றிக் கொடுத்ததும் சமாதானமானாள்.

கார் சரியான பிறகு வந்த முதல் ஞாயிறு அவரைப் பக்கத்தில் வைத்துப் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். பாதையில் ஓர் ஏற்றம் உண்டு. பழைய மேனிஃபோல்டோடு அங்கே கியர் குறைத்தே தீர வேண்டும். இந்த முறை குறைக்காமலே ஏறியது. முதல் குழாயை மெதுவாக வளைத்ததாலா, விரிசல் இல்லாததாலா, எனக்குத் தெரியாது. ஏறியது.

மேட்டின்மேல் அவர், "ஓரமா நிறுத்து," என்றார். நான் நிறுத்தினேன். ஏன் என்று கேட்கவில்லை. இறங்கிச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காரு. நான் ஓட்டுறேன்."

வாரம் ஆறு நாள் பஸ் ஓட்டுகிற மனிதர், லீவு நாளில் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டார். நான் மறுபக்கம் போய் பெல்ட் போட்டுக்கொண்டேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, சிக்னல் போட்டு, இரண்டு தொழிற்சாலை பஸ்களை முன்னே விட்டு, மெதுவாகச் சாலையில் ஏற்றினார்.